கண்டிச் சீமைக் குளிரும் ஒரு கறுப்புக் கம்பளியும்

நம்ம ஊருக்கும் குளிருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. பெரம்பலூர், அரியலூர்னா வெயில், சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஆலை, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். மார்கழியில நாலு நாள் பனி கொட்டும். போர்வையை இழுத்துப் போர்த்திக்குவோம். தை பொறந்தா மறந்துடுவோம். அவ்வளவுதான் நம்ம குளிர்காலம்.

ஆனா இந்தப் பக்கத்து ஆளுங்க ரோடும் டாக்டரும் இல்லாத ஒரு மலையில குளிர்காலம் முழுக்க இருந்திருக்காங்க. அதுல ஏகப்பட்ட பேர் திரும்பி வரவே இல்லை. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

சின்ன வயசுல எங்க தெருவுல சிலோன்ல இருந்து திரும்பி வந்த தாத்தா ஒருத்தர் இருந்தார். சித்திரை வெயில்லயும் அவர் திண்ணையில ஒரு கறுப்புக் கம்பளி மடிச்சுக் கிடக்கும். இதை எதுக்குத் தாத்தா வெச்சிருக்கீங்கன்னு கேட்டா, கடனுக்கு வாங்கினது, தூக்கிப் போட மனசு வரலைம்பார். கம்பளியைப் போய் யாராவது கடனுக்கு வாங்குவாங்களான்னு சிரிப்போம். ரொம்ப நாள் கழிச்சுப் புத்தகங்களைப் புரட்டினப்பதான் அது எவ்வளவு பழைய கடன்னு புரிஞ்சது.

முதல்ல நம்ம மலையையே எடுத்துக்குவோம். திருச்சி, பெரம்பலூர், சேலம் மூணு மாவட்டத்துக்கும் நடுவுல இருக்கு பச்சைமலை. உயரம் சுமார் 500 முதல் 1000 மீட்டர். அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள் (கேரளா மலையாளி இல்லைங்க, மலையை ஆள்பவர் என்ற பொருளில்). ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் மார்கழிக் குளிரும் அவர்களுக்குப் புதுசு இல்லை. எந்த ஓடை எப்போ பெருகும், விறகை எங்கே அடுக்கணும், சாமையும் தினையும் எவ்வளவு சேத்து வெக்கணும் என்பதெல்லாம் பாட்டன் பூட்டன் காலத்து அறிவு. கஷ்டம் இருந்தது, ஆனா மலை அவங்களுக்குத் தெரிஞ்ச மலை.

அதே மலையோட அடிவாரத்துல, சமவெளியில இருந்தவங்க கதை வேற. பெரம்பலூர், உடையார்பாளையம் தாலுகாக்கள் எல்லாம் அப்போ பழைய திருச்சி ஜில்லாவில் அடக்கம். மழையை நம்பின மானாவாரி பூமி. மழை பொய்த்தால் கூலிக்காரனுக்குக் கஞ்சி கிடையாது. 1830களின் கடைசியில் இருந்து இலங்கையில் கண்டியைச் சுத்தி வெள்ளைக்காரர்கள் காட்டை அழித்துக் காப்பி பயிர் செய்ய ஆரம்பித்தார்கள். அதற்கு ஆள் பிடித்தது திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர் ஜில்லாக்களில்தான். கங்காணி வருவார், முன்பணம் கொடுப்பார், ஒரு கூட்டமாக அழைத்துப் போவார். ஊர்ப் பேச்சில் அதுக்குப் பேர் "கண்டிச் சீமைக்குப் போறது".

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு உண்டு. காப்பி வருஷம் முழுக்க வேலை தர்ற பயிர் கிடையாது. பழம் பறிப்பு புரட்டாசி வாக்கில் தொடங்கி மார்கழி, தை வரை போகும். பறித்து முடித்ததும் பெரும்பாலானவர்கள் ஊர் திரும்புவார்கள். அதாவது மலையில் மழையும் குளிரும் உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் இவங்க அங்கே இருந்தாங்க. தேயிலை மாதிரி நிரந்தரக் குடியிருப்பு கிடையாது. வந்த வேகத்தில் போட்ட குடிசைகள்.

போற வழியே பாதி எமன். ராமநாதபுரம் கரை வரை நடை, மன்னாருக்குத் தோணி, அங்கிருந்து வன்னிக் காட்டுக்குள்ளே மாத்தளை வரை சுமார் 240 கிலோமீட்டர் நடை. நல்ல தண்ணி கிடையாது. காலரா, மலேரியா, கொடிய விலங்கு எல்லாம் உண்டு. மலையேறும் முன்பே உடம்பு பாதியாகிவிடும்.

பிறகுதான் குளிர். அன்றைய காப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் 2500 முதல் 5000 அடி உயரத்தில் இருந்தவை. அங்கே பனி பெய்து ஆள் உறைந்து போவதில்லை. ஆனா 15 டிகிரியில்கூட நாள் பூரா நனைஞ்ச துணியோட நின்னா, உடம்புச் சூட்டை அந்த ஈரமே உறிஞ்சிடும். அரைவயித்துக்காரனுக்கு அது போதும். இடுப்பில் ஒரு வேட்டி, செருப்பில்லாத கால். மாற்றுத் துணி கிடையாது. மண்சுவர் லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் பல பேர். ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள்ளேயே அடுப்பு. குளிருக்குப் பயந்து கதவைச் சாத்தினால் புகை, திறந்தால் ஊதக்காத்து. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்து கொக்கிப்புழு, அதனால் ரத்தச்சோகை. இதோடு வயிற்றுக்கடுப்பு, நிமோனியா.

அரிசி கடற்கரையில் இருந்து மாட்டுவண்டியில் வரணும். கொழும்பு - கண்டி ரயிலே 1867இல்தான் வந்தது. அதுவரை அடைமழையில் பாதை சேறானால் வண்டி நின்று போகும், தோட்டத்தில் அரிசி தீர்ந்து போகும். நோயாளியைத் துரத்திவிட்ட தோட்டங்களும் இருந்தன. அப்படித் துரத்தப்பட்டவர்கள் கண்டிக்குப் போகும் பாதையோரங்களில் செத்துக் கிடந்தார்கள்.

எத்தனை பேர் செத்தார்கள்? 1841இல் தொடங்கி எட்டு வருஷத்தில் எழுபதாயிரம் பேர், அதாவது வந்தவர்களில் கால்வாசிப் பேர் என்று 1849இல் கொழும்பு அப்சர்வர் பத்திரிகை எழுதியது. பதிவில்லாமல் ஊர் திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள், அதனால் இது மிகை என்று சொல்பவர்களும் உண்டு. பாதியாகக் குறைத்தாலும் நெஞ்சு அடைக்கிற எண்ணிக்கைதான்.

இப்போ கம்பளிக்கு வருவோம். தோட்டத்தில் ஆளுக்கு ஒரு கறுப்புக் கம்பளி கொடுப்பாங்க. வெள்ளைக்காரங்க கணக்குப் புத்தகத்துலயே "கம்ப்ளி"ன்னு நம்ம வார்த்தையைத்தான் எழுதினாங்க. மழைக்கும் அதுதான், ராத்திரிப் போர்வையும் அதுதான். ஆனா சும்மா இல்லை. அதோட விலை, அரிசி விலை, முன்பணம் எல்லாம் பற்றில் எழுதிச் சம்பளத்தில் பிடிக்கப்படும். கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. மாறணும்னா கடன் தொகை எழுதின "துண்டு" வேணும். இந்தத் துண்டு முறை ஒழிய 1921 ஆனது. குளிரில் சாகாம இருக்கப் போர்த்தின போர்வையே ஆளைக் கட்டிப் போடுற கயிறாவும் இருந்திருக்கு. தாத்தா வெச்சிருந்த கம்பளிக்கு அர்த்தம் அதுதான்.

1872இல் தோட்டத் தொழிலாளர் மருத்துவத்துக்கு ஒரு சட்டம் வந்தது, ஆஸ்பத்திரிகள் கட்டப்பட்டன. 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பியை அழித்துத் தேயிலை வந்தது. 1876-78 பஞ்சத்தில் இன்னும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். தேயிலைக்கு வருஷம் பூரா ஆள் வேணும் என்பதால் குடும்பத்தோடு தங்கினார்கள், இன்னும் உயரத்தில். நுவரெலியா 1868 மீட்டர். தை மாச விடியலில் அங்கே புல்லில் உறைபனி படிகிற நாளும் உண்டு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' படிச்சவங்களுக்கு அந்தத் தோட்ட வாழ்க்கை தெரியும்.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஆனது. எங்க தெருத் தாத்தா வந்தது அந்தக் கணக்கில்தான். அங்கேயே தங்கினவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் மலையில்தான் இருக்கிறார்கள். லயத்துக்குக் கரண்ட் வந்துவிட்டது, ஆபத்து போகவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டம் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மாறிப் போங்கன்னு முன்னாடியே எச்சரித்திருந்தாங்க. மாறிப் போக வீடு தரலை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோதும் மண்சரிவில் அதிகம் அடிபட்டது அதே மலையகம்தான்.

இதையெல்லாம் படிச்சு முடிச்சப்போ எனக்குத் தோணினது இதுதான். மலையில குளிர்காலம் ஆபத்துதான், ஆனா பச்சைமலைக்காரங்க அதைத் தாண்டி வாழ்ந்தாங்க. கண்டிக்குப் போனவங்களைக் கொன்னதில் குளிருக்குப் பங்கு கொஞ்சம்தான். தெரியாத மலை, ஈரத்துணி, காலி வயிறு, கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆளில்லாத தூரம், இது நாலும் சேர்ந்துதான் கொன்னது.

2023இல், மலையக மக்கள் போய் 200 வருஷம் ஆனதை நினைத்து, தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்தார்கள். அந்தப் பாதை ஆரம்பிக்கிற இடம் நம்ம ஊர்ப் பக்கம்தான். இங்கே அதுக்கு ஒரு கல்லு கூட நட்டதா நான் பார்க்கலை. உங்க ஊர்ல இருந்தா, இல்லை உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது கண்டிச் சீமைக்குப் போயிருந்தா, கேட்டு எழுதி வைங்க. தாத்தாகிட்ட நான் கேட்காம விட்டுட்டேன். அவர் போனப்புறம் அந்தக் கம்பளி எங்கே போச்சுன்னே தெரியலை.