எஸ்-4: நாற்பது பேரைப் பலிகொண்ட நீர்மூழ்கி, முப்பத்து மூன்று பேர் உயிர் தப்பக் காரணமான கதை

கப்பல்களின் வரலாறு என்றதும் போரில் வென்ற கப்பல்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். இன்று நான் எழுதப்போவது எந்தப் போரிலும் சண்டையிடாத ஒரு அமெரிக்க நீர்மூழ்கியைப் பற்றி. அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெயர்கூட இல்லை. எஸ்-4 என்ற ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் மட்டும்தான். சற்று நீண்ட பதிவு. நேரமிருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 டிசெம்பரில் போர்ட்ஸ்மத் கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தில் எஸ்-4இன் வேலை தொடங்கியது. அது கடற்படையில் சேர்ந்தபோது 1919 நவெம்பர் ஆகிவிட்டது. போர் முடிந்து ஒரு வருடம் கடந்திருந்தது. 231 அடி நீளம், நான்கு டோர்பிடோக் குழாய்கள், ஏறத்தாழ 38 பேர் கொண்ட குழு. அந்தக் காலத்து நீர்மூழ்கிக்குள் இருப்பதென்றால் எண்ணெய் நாற்றம், ஈரம், நெருக்கம் எல்லாவற்றோடும் வாழ்வதுதான்.

அதன் ஆரம்ப வருடங்கள் அமைதியாகவே கழிந்தன. 1920இன் இறுதியில் வேறு சில நீர்மூழ்கிகளோடு சேர்ந்து புறப்பட்டு, பனாமா கால்வாய், ஹவாய் வழியாக 1921 டிசெம்பரில் பிலிப்பைன்ஸின் காவிதேயை அடைந்தது. அதுவரை அமெரிக்க நீர்மூழ்கிகள் சென்ற மிக நீண்ட பயணம் அதுதான். 1924இன் இறுதியில் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குத் திரும்பியது. 1927இல் மீண்டும் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது.

அந்த வருடம் டிசெம்பர் 17, சனிக்கிழமை. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் புரொவின்ஸ்டவுன் கரைக்கு அப்பால் எஸ்-4 வேகப் பரிசோதனை செய்துகொண்டிருந்தது. பரிசோதனையைப் பார்வையிட வந்த இருவரையும் சேர்த்து உள்ளே 40 பேர். அதே கடலில் போல்டிங் என்ற கரையோரக் காவல் கப்பலும் வந்துகொண்டிருந்தது. அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. கடல் வழியே மது கடத்துபவர்களைப் பிடிப்பதுதான் அந்தக் கப்பலின் வேலை.

பிற்பகல் மூன்றரை மணி தாண்டியிருந்தது. எஸ்-4 நீருக்கடியிலிருந்து மேலெழுந்தது. போல்டிங் நேரே அதன் மீது மோதியது. நீர்மூழ்கி சில நிமிடங்களில் 102 அடி ஆழத்துக்குப் போய்விட்டது. போல்டிங் உடனே நின்று படகுகளை இறக்கியது. மேலே எண்ணெயும் காற்றுக் குமிழிகளும்தான் தெரிந்தன.

உள்ளே நடந்தவை பின்னர் கப்பலைத் தூக்கி ஆராய்ந்தபோது தெரியவந்தன. மின்கல அறையில் ஓட்டை விழுந்தது. அங்கிருந்தவர்கள் வெளியேறி இரும்புக் கதவை மூடினார்கள். ஆனால் காற்றோட்டக் குழாய் வழியாக நீர் நடு அறைக்குள் பாய்ந்தது. அந்தக் குழாயின் வால்வை மூட முடியவில்லை. நீரின் வேகத்தில் அடித்துவரப்பட்ட ஒரு திரைச்சீலை அதற்குள் சிக்கியிருந்தது. கப்பலை மேலே எழுப்பும் கருவிகள் எல்லாம் அந்த நடு அறையில்தான் இருந்தன. அதைக் கைவிட்டு 34 பேர் பின்பக்க அறைகளுக்குப் போனார்கள். ஆறு பேர் முன்பக்க டோர்பிடோ அறையில் அகப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் இளம் அதிகாரி கிரஹாம் ஃபிட்ச்.

கரையிலிருந்து சிறு படகில் வந்தவர்கள் கயிற்றில் இரும்புக் கொக்கி கட்டிக் கடலடியைத் துழாவி, நீர்மூழ்கி கிடந்த இடத்தைப் பிடித்தார்கள். இரவில் கயிறு அறுந்துவிட்டது. மறுநாள் மீண்டும் தேடிப் பிடித்தார்கள். அதற்குள் கடற்படையின் மீட்புக் கப்பலான ஃபல்கன் வந்துவிட்டது. டொம் ஈடி என்ற சுழியோடி கீழே இறங்கிக் கப்பலின் உடலைத் தட்டிக்கொண்டே போனார். பின்பக்கத்திலிருந்து பதில் இல்லை. முன்பக்கத்திலிருந்து தட்டும் ஓசை வந்தது. ஆறு தட்டுகள். ஆறு பேர் உயிரோடு இருக்கிறார்கள்!

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு கேள்வி வரும். நூறடி ஆழம்தானே, கதவைத் திறந்து நீந்தி வந்திருக்கலாமே? மாணவர்களுக்கு நீரமுக்கம் படிப்பிக்கும்போது சொல்லும் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஒரு கன அடி கடல்நீர் ஏறத்தாழ 64 இறாத்தல். 102 அடி ஆழத்தில் ஒரு சதுர அடியின் மீது ஏறத்தாழ மூன்று தொன் நீர் அழுத்திக்கொண்டிருக்கும். எந்த மனிதனும் உள்ளிருந்து அந்த மூடியைத் தள்ளித் திறக்க முடியாது. நீரை உள்ளே விட்டு அமுக்கத்தைச் சமப்படுத்தித் திறந்தாலும், உறையும் குளிர்நீரில் மூச்சுக் கருவி எதுவுமின்றி மேலே வரவேண்டும். அப்படி ஒரு கருவி அந்தக் கப்பலில் இருக்கவில்லை. வெளியிலிருந்து அவர்களை எடுப்பதற்கான கருவி அமெரிக்கக் கடற்படையிடமே இருக்கவில்லை.

அதிகாரிகள் முதலில் கப்பலின் தாங்கிகளுக்குள் காற்றைச் செலுத்தி அதை மேலே எழுப்பப் பார்த்தார்கள். அது எழவில்லை. பிறகு ஆறு பேர் இருந்த அறைக்குக் காற்றுக் குழாய் பொருத்த ஃபிரெட் மைக்கல்ஸ் என்ற சுழியோடி இரவில் இறங்கினார். அவருடைய குழாய் இடிபாடுகளில் சிக்கிக்கொண்டது. ஏற்கெனவே ஒரு தடவை இறங்கிக் களைத்திருந்த ஈடி மறுபடியும் இறங்கி, இருட்டில் இரண்டு மணித்தியாலம் போராடி அவரை விடுவித்தார். அதற்காக அவருக்கு அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது.

அதன் பின் கடல் கொந்தளித்தது. சுழியோடிகள் இறங்க வழியில்லை. மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் மோர்ஸ் தட்டுகளால் பேசிக்கொண்டார்கள். காற்று கெட்டுப்போகிறது, இன்னும் எவ்வளவு நேரம் செல்லும் என்று கீழிருந்து கேட்டார்கள். நம்பிக்கை ஏதும் உண்டா என்றும் கேட்டார்கள். உண்டு, முடிந்ததையெல்லாம் செய்கிறோம் என்று மேலிருந்து பதில் போனது. இந்தத் தட்டுகள் பத்திரிகைகள் வழியே நாடு முழுவதையும் எட்டின. மூன்றாம் நாள் தட்டுகள் நின்றுபோயின. கடல் அடங்கிச் சுழியோடிகள் மறுபடி இறங்கியபோது நேரம் கடந்துவிட்டது. நாற்பது பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்தது இனிச் சொல்லப்போவதுதான். இந்த விபத்து எச்சரிக்கையின்றி வரவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன், 1925 செப்டெம்பரில், எஸ்-51 என்ற நீர்மூழ்கி ஒரு பயணிகள் கப்பலோடு மோதி மூழ்கி 33 பேர் இறந்திருந்தார்கள். அதைத் தேடிச் சென்ற எஸ்-1 நீர்மூழ்கியின் கட்டளை அதிகாரி சார்ள்ஸ் மொம்சன். கடல்மேல் மிதந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற அவர், திரும்பி வந்து ஒரு மீட்பு மணியின் வரைபடத்தைத் தயாரித்து மேலிடத்துக்கு அனுப்பினார். நீர்மூழ்கியின் மூடிமீது வந்து பொருந்தும் ஓர் உருக்குக் கூண்டு. ஒரு வருடத்துக்கு மேலாகப் பதில் இல்லை. பின்னர் அதே திணைக்களத்துக்கு அவர் மாற்றலாகிப் போனபோது, தன் யோசனை கோப்புகளுக்கு நடுவே கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கண்டார். அதன் பிறகும் அது நடைமுறைக்கு ஒவ்வாது என்று நிராகரிக்கப்பட்டது. அடுத்து நடந்ததுதான் எஸ்-4.

1928 மார்ச் 17இல், விபத்து நடந்து சரியாக மூன்று மாதம் கழித்து, எஸ்-4 மேலே தூக்கப்பட்டு பொஸ்டனுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. அதை உடைத்து இரும்புக்கு விற்றிருக்கலாம். ஆனால் கடற்படை அதைத் திருத்தி, அதே வருடம் ஒக்டோபரில் மறுபடி சேவையில் சேர்த்தது. இம்முறை போர்க்கப்பலாக அல்ல, மீட்பு முறைகளைச் சோதிக்கும் கப்பலாக. வேண்டுமென்றே அதைக் கடலடியில் இறக்கி, உள்ளிருந்து மனிதன் எப்படி வெளியே வரலாம், வெளியிலிருந்து எப்படி அவனை எடுக்கலாம் என்று பரீட்சித்தார்கள்.

மொம்சன் இப்போது ஒரு மூச்சுப் பையைச் செய்திருந்தார். இறப்பர் பைக்குள் ஒக்சிசன், வெளிவிடும் காபனீரொட்சைட்டை உறிஞ்ச ஒரு இரசாயனப் பெட்டி, வாயில் கவ்வ ஒரு குழாய். 1929இல் கீ வெஸ்ட் கடலில், அடியில் கிடந்த எஸ்-4க்குள்ளிருந்து அவரே அதை மாட்டிக்கொண்டு வெளியேறி மேலே வந்தார். தான் செய்த கருவியை முதலில் தன் உயிரை வைத்தே சோதித்தார். நிராகரிக்கப்பட்ட அந்த மீட்பு மணியும் எஸ்-4இன் மீதே பரீட்சிக்கப்பட்டு, அலன் மெக்கான் என்ற அதிகாரியின் பொறுப்பில் 1930 அளவில் முழுமை பெற்றது. அவர் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

1939 மே 23. ஸ்குவாலஸ் என்ற புதிய நீர்மூழ்கி, எஸ்-4 பிறந்த அதே போர்ட்ஸ்மத் தளத்தில் கட்டப்பட்டது, அந்தப் பகுதிக் கடலிலேயே 240 அடி ஆழத்தில் மூழ்கியது. 26 பேர் பின்பக்க அறைகளில் உடனே இறந்தார்கள். 33 பேர் முன்பக்கத்தில் உயிரோடு இருந்தார்கள். எஸ்-4 கிடந்ததைவிட இரு மடங்குக்கும் மேலான ஆழம். மேலே வந்து நின்றது அதே ஃபல்கன் கப்பல். சுழியோடிகளுக்குப் பொறுப்பு மொம்சன். மணிக்குப் பொறுப்பு மெக்கான். சுழியோடி ஒருவர் இறங்கி மூடியில் கம்பியைப் பொருத்தினார். மணி அந்தக் கம்பியைச் சுற்றிக்கொண்டு கீழே போய் மூடிமீது அமர்ந்தது. முதல் தடவை ஏழு பேர், பிறகு ஒன்பது, மீண்டும் ஒன்பது, கடைசியாக எட்டு. கடைசிப் பயணத்தில் கம்பி சிக்கிப் பல மணித்தியாலம் தொங்க நேர்ந்தது. என்றாலும் முப்பத்து மூன்று பேரும் உயிரோடு மேலே வந்தார்கள்.

எஸ்-4 அதைப் பார்க்க இருக்கவில்லை. 1933இல் ஓய்வுபெற்று, 1936 மே மாதம் கடலில் மூழ்கடிக்கப்பட்டிருந்தது.

எஸ்-4 விபத்துக்கு விசாரணைகள் நடந்தன. யார் பிழை, எந்தக் கப்பல் எதைப் பார்க்கவில்லை என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். அது தேவைதான். ஆனால் ஸ்குவாலஸின் 33 பேரைக் காப்பாற்றியது அந்த விசாரணை அல்ல. அந்த ஆறு பேரையும் காப்பாற்ற எது இல்லாமல் போனது என்று கேட்டு, அதைச் செய்து முடித்த வேலைதான் காப்பாற்றியது. அந்தக் கேள்வியை எஸ்-51இன் போதே கேட்டிருந்தால், எஸ்-4இன் ஆறு பேருக்கும் மணி இறங்கியிருக்கலாம். யோசனை இருந்தது. வரைபடம் இருந்தது. அதைத் திறந்து பார்க்க ஆள் இருக்கவில்லை.

நம்மிடமும் ஒரு விபத்து நடந்தால் சில நாள் பேசுகிறோம், யார் பிழை என்று வாதாடுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். உங்கள் பாடசாலையில், சங்கத்தில், வேலைத்தளத்தில் யாராவது ஓர் இளைஞன் இப்படிச் செய்தால் பாதுகாப்பு என்று ஒரு தாளை நீட்டியிருப்பான். அந்தத் தாள் இப்போது எந்தக் கோப்பில் இருக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.