விளக்கு மங்கிய வீடு

பேயும் பூதமும் இல்லாமலே ஒரு மாளிகை மனிதரை நடுங்க வைக்க இயலுமா? இயலும் என்று காட்டிய திரைப்படங்களுள் ‘காஸ்லைட்’ தலையாயது. 1944-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட இப்படத்தை ஜார்ஜ் கியூக்கர் இயக்கினார். இங்க்ரிட் பெர்க்மன் மனைவியாகவும் சார்லஸ் போயர் கணவனாகவும் நடித்தனர்.

பாழடைந்த கோட்டை, பூட்டிய அறை, துணையற்ற பெண் ஆகிய மூன்றும் சேர்ந்த கதைகளை ஆங்கிலேயர் ‘காதிக்’ கதைகள் என்பர். 1764-ஆம் ஆண்டின் இறுதியில் ஹொரேஸ் வால்போல் வெளியிட்ட ‘ஒட்ராண்டோ கோட்டை’ அவ்வகைக்கு முன்னோடி. காலப்போக்கில் கோட்டை போய், நகரத்து மாடிவீடு வந்தது. பூட்டிய அறை மட்டும் போகவில்லை.

படத்தின் கதை லண்டன் மாநகரில் நிகழ்கிறது. புகழ்பெற்ற பாடகி ஒருத்தி தன் வீட்டிலேயே கொலையுண்டாள். பல ஆண்டுகள் கழித்து, அவள் வளர்த்த பெண் பாலா தன் கணவனோடு அவ்வீட்டிற்குக் குடிவருகிறாள். மாண்டவளின் பொருள்களையெல்லாம் மேல்மாடியில் வைத்துப் பூட்டி விடுகிறார்கள். பின்னர், கைப்பையில் வைத்த நகை காணாமற் போகிறது. சுவரில் மாட்டிய படம் மறைகிறது. “உனக்கு நினைவு தடுமாறுகிறது” என்று கணவன் கனிவோடு சொல்கிறான். அந்தக் கனிவுதான் கொடியது. அவன் வெளியே சென்ற பின் இரவுதோறும் அவள் அறையின் விளக்கு தானாக மங்குகிறது. தலைக்கு மேலே காலடி ஓசை கேட்கிறது. வேலைக்காரிகளைக் கேட்டால், தாங்கள் வேறு விளக்கு எதுவும் ஏற்றவில்லை என்கிறார்கள்.

இங்கே குறிக்கப்படும் விளக்கு, நம் ஊர்த் திருவிழாக்களில் தலையில் சுமந்து வந்த மண்ணெண்ணெய் ‘காஸ் லைட்’ அன்று. காற்றுப் புகாத கலத்தில் நிலக்கரியைச் சூடேற்றினால் எரியும் வாயு வெளிப்படும். அதனைத் தூய்மை செய்து, தெருவுக்கு அடியில் இட்ட குழாய்களின் வழியே வீடுகளுக்கு அனுப்பினார்கள். இத்தொழிலுக்கென லண்டனில் ஒரு கம்பெனி 1812-இலேயே அரச சாசனம் பெற்றது. சிறு குழாயில் வரும் வாயுவின் அழுத்தம் ஓர் அளவுக்கு உட்பட்டதன்றோ? அதே குழாயில் இன்னொரு விளக்கைத் திறந்தால், முன்னரே எரிகின்ற சுடர் தாழும். வீட்டில் வேறெங்கோ ஒருவர் விளக்கேற்றினார் என்பதற்கு அச்சுடரே சாட்சி. பாலா கண்டது மனமயக்கம் அன்று, பௌதிக உண்மை. கணவன் பக்கத்துக் காலி வீட்டின் வழியே கூரையேறிப் பூட்டிய மாடியில் இறங்கி, கொலையுண்டவளின் நகைகளைத் தேடிக்கொண்டிருந்தான். கொலைகாரனும் அவனே.

இக்கதைக்கு மூலம் பாட்ரிக் ஹாமில்டன் எழுதிய நாடகம். 1938 டிசம்பரில் இங்கிலாந்தில் அரங்கேறிய அது, 1941 முதல் 1944 வரை நியூயார்க்கில் ‘ஏஞ்சல் ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் 1,295 முறை நடந்தது. நாடகம் நிகழும் ஆண்டு 1880. இவ்வாண்டை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். மணமான பெண் தன் சொத்தைத் தானே முழுமையாக ஆளும் உரிமையை இங்கிலாந்தில் தந்தது 1882-ஆம் ஆண்டுச் சட்டம். அதுபோலவே, வசதி படைத்த குடும்பத்தார் ஒருவரைப் பித்தர் விடுதியில் அடைப்பதற்கு உறவினரின் விண்ணப்பமும் இரு மருத்துவரின் சான்றும் அந்நாளில் போதுமானவை. நீதிபதியின் ஆணை வேண்டும் என்ற விதி 1890-இல்தான் வந்தது. எனவே “நீ பித்துப் பிடித்தவள்” என்று கணவன் சொல்லும் சொல் வெறும் வசையன்று, சிறைக்கதவின் திறவுகோல்.

இது மிகைக்கூற்று அன்று. 1878-இல் ஜார்ஜினா வெல்டன் என்ற பாடகிக்கு இதுவே நேர இருந்தது. அவர் வாழ்ந்த டாவிஸ்டாக் இல்லம் முன்பு நாவலாசிரியர் டிக்கன்ஸ் குடியிருந்த வீடு. பிரிந்து வாழ்ந்த கணவர் ஏற்பாடு செய்ய, மருத்துவர்கள் தாம் யாரென்பதை மறைத்து அவ்வீட்டிற்கு வந்து பேசிச் சென்றனர். அழைத்துப் போக ஆட்கள் வந்தபோது அம்மையார் தப்பியோடி, ஆணையின் காலம் கழியும் வரை மறைந்திருந்தார். 1882-ஆம் ஆண்டுச் சட்டம், மனைவி தன் பெயரிலேயே வழக்காட வழிவிட்டது. அதன் துணைகொண்டு அவர் சம்பந்தப்பட்டவர்கள் மீது வழக்குத் தொடுத்து, 1884-இல் இழப்பீடும் பெற்றார்.

படத்தின் உயர்ந்த கட்டம் கொலைகாரன் பிடிபடுவதன்று என்பது என் கருத்து. துப்பறியும் அதிகாரி பாலாவின் அறையில் நிற்கும்போது விளக்கு மங்குகிறது. அதை அவரும் பார்க்கிறார். தான் கண்டதை இன்னொருவரும் கண்டார் என்று அறிந்த அந்தக் கணத்தில் பெர்க்மனின் முகத்தைக் காண வேண்டும். சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசு அவருக்குக் கிடைத்ததில் வியப்பில்லை. அரங்க அமைப்புக்கும் ஒரு பரிசு கிடைத்தது. நடமாட இடமின்றிப் பொருள்களை அடுக்கி, பெரிய வீட்டையே சிறு கூண்டாக்கிய கலைஞர்களுக்கு அது தகும். துடுக்கான வேலைக்காரியாக வந்த ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு இதுவே முதற் படம்.

இதற்கு முன்னரே, 1940-இல், பிரிட்டனில் தரோல்ட் டிக்கின்சன் இதே நாடகத்தைப் படமாக்கியிருந்தார். ஆன்டன் வால்புரூக்கும் டயானா வின்யார்டும் நடித்தனர். அளவிற் சிறியது, ஆயினும் விறைப்பும் வேகமும் மிக்கது. எம்.ஜி.எம். உரிமையை வாங்கியபோது, பழைய படத்தின் மூலச்சுருளையும் பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. இல்லாததாக்கும் வேலையைக் கதையில் கணவன் செய்தான். இங்கே வாணிகம் செய்தது. ஆனால் பிரதிகள் முற்றும் அழியவில்லை. டிக்கின்சனின் படம் பின்னர் அமெரிக்காவிலும் ‘ஏஞ்சல் ஸ்ட்ரீட்’ என்ற பெயரோடு திரைக்கு வந்தது. இன்று இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். பார்ப்பவர்கள் 1940-ஆம் ஆண்டுப் படத்தை முதலில் பார்ப்பது நல்லது.