ஆட்டிப் பார்த்துக் கண்ட விதி

நம்ம கன்ட்ரோல் லேபில் நின்றவர்கள் யாரும் ஜீக்லர்–நிக்கல்ஸ் விதியை மறந்திருக்க மாட்டார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அதேதான்! அது பிறந்த கதை சுவையானது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் டெய்லர் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி, 1940 வாக்கில் மூன்று செயல்களும் கொண்ட கன்ட்ரோலரை விற்றது. எந்தக் குமிழை எவ்வளவு திருப்புவது? அதுதான் சிக்கல். அங்கே பணியாற்றிய ஜான் ஜீக்லரும் நத்தானியல் நிக்கல்ஸும் 1942-இல் வழி சொன்னார்கள். இன்டக்ரல், டெரிவேடிவ் இரண்டையும் நிறுத்திவிட்டு, கெயினை மெல்லக் கூட்டு. ஊசல் குறையாமல், கூடாமல் நிற்கும் கெயினைக் குறித்துக்கொள். அதில் 0.6 பங்கு வை. இன்டக்ரல் நேரம் ஊசல் காலத்தில் பாதி, டெரிவேடிவ் நேரம் எட்டில் ஒரு பங்கு. ஆலையின் சமன்பாடே தெரிய வேண்டாம். ஆலையையே கேட்டால் போதும்!

இவ்விதியில் ஆட்டம் சற்று அதிகம்தான். ஆனாலும் 1984-இல் ஸ்வீடனின் ஆஸ்ட்ரோமும் ஹெக்லண்டும் தானியங்கி முறை கண்டபோது, ரிலே வைத்து ஆலையை ஆட்டித்தான் பார்த்தார்கள்.

கம்ப்யூட்டர் திரையில் கச்சிதமாக நின்ற லூப், நிஜத்தில் வால்வு ஒட்டிக்கொண்டதால் நாள் முழுக்க ஆடியதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒட்டலை யாரும் சிமுலேஷனில் எழுதவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

சிமுலேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. லேபின் பழைய தண்ணீர்த் தொட்டியையும் வால்வையும் மட்டும் கழித்துக் கட்டிவிட வேண்டாம். பழுது பார்க்கும் செலவை நம்ம பேட்ச் ஏற்றால் என்ன, நண்பர்களே?