தசை எலாஸ்டோகிராபி

உயிருள்ள தசையின் விறைப்பை, ஊசி குத்தாமலும் சதையை வெட்டியெடுக்காமலும், அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. மூலம் அளக்கும் முறை. மருத்துவர் கையால் அமுக்கி உணரும் இறுக்கத்தை இது கிலோபாஸ்கல் அலகில் எண்ணாகத் தருகிறது.

அடிப்படை: தசையை லேசாக அதிரவைத்தால் அதனுள் குறுக்கலை பரவும். தசை விறைக்க விறைக்க அலையின் வேகம் கூடும். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் விறைப்புக் குணகம் கிடைக்கும். அடர்த்தியைக் கனமீட்டருக்கு 1,000 கிலோ எனக் கொண்டால், விநாடிக்கு 2 மீட்டர் வேகம் 4 கிலோபாஸ்கல்; 4 மீட்டர் வேகம் 16 கிலோபாஸ்கல்.

வரலாறு: 1991இல் ஹூஸ்டனில் ஜோனதன் ஓஃபிர் குழு, திசுவை அமுக்குவதற்கு முன்னும் பின்னும் வரும் அல்ட்ராசவுண்ட் எதிரொலிகளை ஒப்பிட்டு விறைப்பைப் படமாக்கியது. 1995இல் ராஜா முத்துப்பிள்ளையை முதல் ஆசிரியராகக் கொண்ட மேயோ கிளினிக் குழு, பரவும் அலையையே எம்.ஆர்.ஐ.யில் படம்பிடித்து 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. 2004இல் பாரிஸில் பெர்காஃப், தாண்டர், ஃபிங்க் ஆகியோர் விநாடிக்குப் பல்லாயிரம் படங்கள் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் முறையை விளக்கினர். சென்னை ஐஐடியில், ஓஃபிர் குழுவில் பணியாற்றிய அருண் திட்டையின் ஆய்வகம் எலாஸ்டோகிராபியில் ஆய்வு செய்கிறது.

அளக்கும் முறை: கெண்டைக்கால் தசையை அளக்க, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே விடுவர். ஜெல்லைத் தாராளமாகத் தடவி, தசைநார்களின் போக்கிலேயே கருவியை அழுத்தாமல் வைப்பர். கருவி அனுப்பும் வலுவான ஒலித்துடிப்பு தசையைச் சில மைக்ரான் மட்டுமே நகர்த்தும். அதிலிருந்து புறப்படும் அலையைக் கருவியே பின்தொடர்ந்து வண்ணப்படமாகக் காட்டும். பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கினால், தசை நீண்டு இறுகுவதால், அதே இடத்தில் எண் உயரும்.

பயனும் எல்லையும்: பக்கவாதத்துக்குப் பின் ஏற்படும் தசை இறுக்கத்தை மருத்துவர்கள் கையால் மடக்கிப் பார்த்து, ஆஷ்வொர்த் அளவுகோலில் 0 முதல் 4 வரை மதிப்பிடுகின்றனர். சிகிச்சையால் வரும் சிறு மாற்றம் இதில் தப்பிவிடலாம். எலாஸ்டோகிராபி அதைப் பிடிக்க உதவும். டியூஷென் தசைச்சிதைவு நோயாளிகளிடமும் இது ஆராயப்படுகிறது.

ஆனால், தசைக்கு நிலையான ஒரே விறைப்பு கிடையாது. அலை நார்களின் போக்கில் விரைந்தும் குறுக்கே மெதுவாகவும் செல்லும்; அறியாமல் சற்றே இறுக்கினாலும் எண் மாறும். ஆகவே மூட்டின் கோணம், கருவியின் திசை, தசை தளர்ந்திருந்ததா என்பவற்றையும் அறிக்கையில் குறிப்பது கட்டாயம். இவை இன்றி இரு எண்களை ஒப்பிட்டு, நோயாளி தேறிவிட்டார் என்றோ மோசமாகிவிட்டார் என்றோ முடிவுகட்டக் கூடாது.