லீனாவின் தோள்

2011இல் கல்லூரி ஆய்வகத்தில் நான் எழுதிய முதல் பட நிரல், சைபை என்ற திறமூல நிரலகத்திலிருந்து 'லீனா'வை வரவழைப்பதுதான். தொப்பி அணிந்த பெண்ணொருத்தி தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். யாரென்று கேட்டேன். "டெஸ்ட் இமேஜ்மா" என்றார் ஆசிரியர்.

அவர் சுவீடனைச் சேர்ந்த லீனா ஃபோர்சேன். 1972 நவம்பர் 'பிளேபாய்' இதழின் நடுப்பக்க நிர்வாணப் படத்தை 1973இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்கேன் செய்தார்கள், தோள்வரை மட்டும், 512க்கு 512 புள்ளிகளாக. படங்களைச் சுருக்கும் முறைகள் பல பத்தாண்டுகள் அந்த முகத்தில்தான் சோதிக்கப்பட்டன. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

2016இல் சைபை அந்தப் படத்தை நீக்கியபோது மகிழ்ந்தேன், காரணத்தைப் படிக்கும்வரை. உரிமச் சிக்கலாம்! அதே நிரலகத்தில் மாதிரிப் படமாக ஒரு ரக்கூன் இருந்தது. அதற்கு உரிமம் சரியாக இருந்தது போலும். 2019இல் ஓர் ஆவணப்படத்தில் ஃபோர்சேனே, தொழில்நுட்பத்திலிருந்தும் தனக்கு ஓய்வு வேண்டுமென்றார். ஐஇஇஇ கணினிச் சங்கம் தன் ஆய்விதழ்களில் லீனாவை ஏற்பதை நிறுத்தியது 2024 ஏப்ரலில்தான்.

அதற்குள் 2022இல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வந்துவிட்டது. டிஃப்யூசர்ஸ் நிரலகத்தைக் கொண்டு நானும் ஒரு படக்கருவி செய்தேன். சில வரிகள்தான். வந்த படத்தின் அளவு 512க்கு 512. அதைப் பயிற்றுவித்தவை இணையத்திலிருந்து அள்ளிய லேயான் தொகுப்பின் படங்கள். அதற்கு முந்தைய லேயான் தொகுப்பில் ஆபாசப் படங்களும் வன்புணர்வுப் படங்களும் இருப்பதை அபேபா பிர்ஹானேயும் சக ஆய்வாளர்களும் 2021இலேயே காட்டியிருந்தார்கள்.

இறக்கிய மாதிரியின் உரிம ஆவணத்தை முழுக்கப் படித்தேன். படங்களில் இருக்கும் பெண்களிடம் கேட்டதற்கான ஆவணத்தைத் தேடினேன். அப்படி ஒன்று இல்லை.