ஆறிய தோலின் ஆறாத நினைவு

காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ் நோய் கண்டோரைத் தொழுநோயாளரென மயங்கி, முன்னாளில் ஊர்கள் விலக்கி வைத்தன. 1808ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் இராபர்ட் வில்லன் இந்நோயைத் தெளிவுற விவரித்தார்; எனினும் தொழுநோயைச் சுட்டும் ‘லெப்ரா’ என்னும் பெயரை அவரும் கைவிட்டாரல்லர். வியன்னாவின் பேர்டினன்ட் எபிராவே 1841இல் இரண்டையும் வேறுபிரித்தார்.

பெயர்ப்பழி நீங்கியும் ஒரு வினா நின்றது: ஆறிய படை அதே இடத்தில் மீண்டும் எழுவதேன்? இங்கிலாந்து அறிஞர் வாடிங்டன் 1942இல் ஆக்கிய ‘எபிஜெனெற்றிக்ஸ்’ என்னுஞ் சொல், பரம்பரையலகின் எழுத்து மாறாமலே அதன் செயல் மாறுவதை இன்று குறிக்கின்றது. படை ஆறிய பின்னும் நோயெதிர்ப்புக் கலங்கள் சில அத்தோலிலேயே தங்குகின்றன. அழற்சியைத் தூண்டும் பரம்பரையலகுகள் அவற்றில் எளிதில் விழித்தெழும் நிலையிலுள்ளன.

நேயர்களே, இந்நோய் தொற்றுவதன்று. தோல் தன் நினைவை மறக்க நாளாகலாம். விலக்கி வைக்கும் வழக்கத்தை மனிதர் இன்றே மறக்கலாம்.