ஒப்பிப்பதும் வாசிப்பதும்

7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. வாத்தியாருக்கு எங்கே போவது? பல இடங்களில் கிராணியோ கங்காணியோ அந்த வேலையையும் பார்த்தார். பாடத்தை ஒப்பித்தால், பையனுக்கு வாசிக்க வரும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் ஒப்பிக்கலாமே! ஏமாந்தது பிள்ளைதான்.

1983இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நாடெங்கும் வந்தது. ஆண்டுத் தேர்வுக்குக் காத்திராமல், பிள்ளை தடுமாறும் இடத்தை அன்றன்றே குறித்துக்கொள்ள ஆசிரியர்கள் பழக வேண்டியிருந்தது. 'ல', 'ள', 'ழ' மயங்குகிறதா? கொம்பும் காலும் இடம் மாறுகின்றனவா? தடுமாறிய பிள்ளைக்குக் குறைநீக்கல் பாடம். முந்திக்கொண்ட பிள்ளைக்கு வளப்படுத்தும் பாடம். இரண்டு வகுப்புகள் ஓரறையில் நடந்த பள்ளிகளில் இது லேசான காரியமல்ல. ஆனாலும், முன்பின் பாராத பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோதுதான், ஒப்பிப்பவர் யார், வாசிப்பவர் யார் என்பது தெரிந்தது.